நானும் இந்த ரூமுக்கு வந்தவதான்

இல்லக்கா, ஸ்கேன் எடுக்குத எடம் இது இல்ல. அது அங்கோடி, மருந்து குடுக்குத ஜன்னலையும் தாண்டிப் போவணும். ஓ, ஸ்கேனுக்கு இல்லியா. பதினேழாம் நம்பருக்கா. அப்ப சரியான எடத்துக்குத்தான் வந்திரிக்கிய. இரிங்க. இந்த பெஞ்சி கொஞ்சம் ஆடும், பயப்படாதிய. நான் இந்த மூலையில இருந்தா அந்த மூல பொங்கும், அதாக்கும் விசயம். நீங்களும் இருந்தா சரியாயிரும்.

உள்ள ஆளு இரிக்கு, தாமசமாகும். ஓ.பி. மாதிரி இல்ல கேட்டியளா, நாக்க நீட்டு, மாத்திரையப் பிடி, போண்ணு சொல்லி அனுப்ப மாட்டாவ. உள்ள போனவிய அவியளா எந்திரிக்குத வரைக்கும் நேரம் அவியளுக்குத்தான். ஒருக்கா ஒரு பிள்ள காலம்பற போயிட்டு மத்தியானந்தான் வெளிய வந்துது. ஒரு வார்த்த பேசல்லியாம். ஷிபாவும் ஒண்ணும் கேக்கல்லியாம். வீட்டுக்கு வாங்கி வச்சிருந்த ரெண்டு கிலோ புளிய எடுத்து நடுவுல போட்டு, ரெண்டு பேருமா இருந்து கொட்ட எடுத்திரிக்காவ. அடுத்த வாரம் வந்துதான் அந்தப் பிள்ள பேசிச்சி.

ஷிபா ஆருண்ணா? உள்ள இரிக்கப்பட்ட மேடம். அருமனை ஊருக்காரி. எனக்கு மவ வயசு, அதனால நான் ஷிபாண்ணே கூப்பிடுவேன். நீங்க மேடம்ணு கூப்பிடுங்க.

இந்தாங்க, கட்டஞ்சாயா, பால் விடாத்தது. குடிங்க. பிளாஸ்கு நல்லாக் கழுவினதாக்கும்.

நானா? நான் இங்க வேல பாக்கல்ல. மீன்காரி. செசிலிண்ணு பேரு. ஏன், மணம் வருதா? குளிச்சி வேற சீல உடுத்திட்டுத்தான் வந்தேன், இந்த மணம் சோப்புக்கு அடங்காது. காலம்பற சந்தையில சாளையும் அயிலையும் வித்துத் தீத்துட்டு, வியாழக்கெழம மட்டும் இங்க வந்து இருப்பேன். வேல என்னண்ணு கேட்டா, ஆரும் கதவத் தள்ளிக்கிட்டு உள்ள போயிராம பாக்கணும். இந்த ஆஸ்பத்திரியில கதவக் கண்டா தள்ளிப் பாக்குத சனம் கொஞ்சமில்ல. ஒருத்தன் தூக்குவாளியோட வந்து, வெந்நி பிடிக்குத எடம் இதாண்ணு கேப்பான். ஒருத்தி, எனக்க மருமவளுக்குப் பிள்ள பொறந்தாச்சா, உள்ளதான் இருக்காளாண்ணு எட்டிப் பாப்பா. அவியளுக்கு வழி காட்டி விடணும். சம்பளம் இல்லாத்த உத்தியோகம், ஆனா லீவு போட முடியாது.

போர்டு எங்கண்ணு பாக்கியளா? எல்லாரும் பாப்பாவ. மொதல்ல ஒண்ணு இருந்துது. சுனாமி கழிஞ்சி சனம் தகர ஷெட்டுல கெடந்த காலத்துல, பிள்ளைகளுக்கு ஒவ்வொரு சங்கடம் வந்திச்சில்லா, அப்பம் ஏதோ வெளிநாட்டுச் சங்கம் வந்து தொடங்கினதாக்கும் இந்த ரூமு. அவிய போன பொறவு ஒரு அரசாங்க வாரியம் ஏத்தெடுத்தாவ. வருசாவருசம் மேலேருந்து நிதி வரும், ரூமு நடக்கும். அந்த போர்டு இருந்துதே, நீலத்துல வெள்ள எழுத்து. பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்டோர் ஆதரவு மையம். அந்த வேப்பமரத்துக்கிட்ட நிண்ணே வாசிக்கலாம். மூணு மாசம் ஒரு ஈ காக்கா வரல்ல. ஆரு வருவா சொல்லுங்க? அந்த எழுத்துக்குக் கீழ ஒரு பொம்பள நிண்ணா போதும், அவ ஊருக்குப் போய்ச் சேருமுன்ன அவளுக்க கத போயிச் சேந்திரும். ஷிபா ஒரு நாளு ஸ்டூலப் போட்டு ஏறி அவளே போர்டக் கழத்தினா. நம்பர் மட்டும் மிச்சம். அடுத்த வாரமே ரெண்டு பேரு வந்தாவ.

அந்த போர்டு இல்லாததுதான் போன வருசம் பெரிய வம்பாப் போச்சி. வாரியத்துலேருந்து ஒரு அதிகாரி பாக்க வந்தாரு. போர்டத் தேடி மூணு தடவ இந்த வராந்தாவுல அங்கயும் இங்கயும் நடந்திரிக்காரு. ஆருகிட்ட கேக்கணும்ணும் தெரியல்ல, எப்பிடிக் கேக்கணும்ணும் தெரியல்ல. வாயில அந்த வார்த்த வந்தாத்தானே. கடைசியில, அந்த… பெண்கள் ரூமுண்ணு இழுத்திரிக்காரு. ஒரு நர்சம்மா அவரக் கொண்டு ஸ்கேன் எடுக்குத எடத்துல இருத்திட்டா. டோக்கனும் குடுத்தாச்சி. அங்க வயிறு நெறைய வெள்ளம் குடிச்சிட்டு இருக்கணும்லா. வீட்டம்மா வர்றதுக்குள்ள நீங்க ஏன் சார் சும்மா இரிக்கியண்ணு ஆரோ ஒரு பாட்டில் வெள்ளத்தக் கையில குடுத்தாவளாம், மனுசன் மரியாதைக்கு முழுசும் குடிச்சிட்டாரு. இங்க வந்து சேரும்பம் அவரு நிண்ண நெலையே சரியில்ல. ஷிபா வணக்கம் சொல்லுதா, அவரு பாத்ரூம் எங்கண்ணு கேக்காரு.

சிரிங்க அக்கா, சிரிச்சா ஒண்ணும் வந்திராது.

ஆனா அவரு கெட்ட மனுசன்ணு சொல்ல மாட்டேன். அவருக்கு ஒரு ஃபாரம் உண்டு, அத நெறைக்கணும். போர்டு இல்ல, அப்ப மையம் இருக்குண்ணு எப்பிடி எழுதட்டும்ணு கேட்டாரு. போன வருசம் எத்தன பேருண்ணு கேட்டாரு. முப்பத்தொண்ணுண்ணு ஷிபா சொன்னா. இவ்வளவு பெரிய மாவட்டத்துல இவ்வளவுதானா, அப்ப தேவையே இல்லியேண்ணாரு. பொறவு, சரி, பயனாளிகளக் கூப்பிடுங்க, ஒரு ஃபோட்டோ எடுத்துக்கிடுதேன்ணாரு. வெளங்கிச்சா? ஆடு குடுக்குத திட்டத்துல ஆட்டோட நிண்ணு ஃபோட்டோ பிடிப்பாவல்லா, தையல் மிஷின் குடுத்தா மிஷினோட நிப்பாவல்லா, அது மாதிரி. ஷிபா கோவப்பட்டு நான் கண்டதே இல்ல. அண்ணைக்கு எந்திரிச்சி கதவத் தொறந்து விட்டா. சார், ஒங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சிண்ணா.

ஒரு மாசத்துல லெட்டர் வந்துது. தேவை நிரூபிக்கப்படல்ல, மார்ச்சு மாசத்தோட நிதி நிறுத்தப்படுது.

நான் அப்ப இங்க என்னத்துக்கு இருந்தேண்ணா? மீன் குடுக்க வந்தேன்ணு வச்சிக்கிடுங்களேன். ஷிபா லெட்டர வாசிச்சிக் காட்டினா. நான் கேட்டேன், தேவை இருக்குண்ணு எப்பிடிக் காட்டணும்? வந்தவியளக் காட்டணும்ணா. வந்தவியளக் காட்டலாமா? காட்டப்படாதுண்ணா. இது நல்ல கூத்தா இரிக்கே, ஆரும் வந்தது தெரியாம இருக்கத்தான் இந்த ரூமு, ஆரு வந்தாண்ணு காட்டாட்டா ரூமு இல்லியாம்.

சரி, ஊரக் கூட்டுவோம்ணு நெனச்சோம். எங்க ஊருல சூசைண்ணு ஒருத்தன் இரிக்கான், ஆட்டோவுல மைக்கு கெட்டி வெளம்பரம் சொல்லுவான். சாவுச் செய்தி, திருநாளு, காணாமப் போன ஆடு, எதையும் ஏத்த எறக்கத்தோட சொல்லுவான். அவன் சொன்னா செத்தவனுக்கே ஒரு அந்தஸ்து வரும். அவன்கிட்ட ஷிபா எழுதிக் குடுத்தா, பாலியல் வன்முறையால் பாதிக்கப்படும் பெண்களுக்கான ஆதரவு மையத்தைக் காப்போம், ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்குக் கூட்டம்ணு. எழுதின கடலாசி கையில இரிக்கு, சூசைக்கு நெத்தி வேத்து வடியுது. யக்கா, இந்த வார்த்தைய நான் மைக்குல எப்பிடிச் சொல்லட்டும், எங்க அம்மைக்குக் கேக்குமேங்கான். ஒனக்க அம்ம அஞ்சு பிள்ள பெத்தவல்லா, சொல்லுலேண்ணேன்.

நான் பக்கத்துல இருந்தேன், ஓடிப்போவப்படாதுல்லா. மொத தெருவுல ‘பா’ண்ணு தொடங்கி இருமினான். ரெண்டாந் தெருவுல, பெண்களுக்கு ஏற்படும் அந்த இதுண்ணான். ஒரு கெழவன் வண்டிய நிறுத்தி, எந்த இதுடேண்ணு கேக்காரு. மூணாந் தெருவுல மைக்கு ரிப்பேர்ணு பொய் சொல்லி நிறுத்திட்டான். பொறவு அருமனைப் பக்கம் கொண்டு போனேன். அங்க அவன அறிஞ்சவிய ஆருமில்ல, கொஞ்சம் தைரியம் வந்திற்று. ஆனா பாருங்க, பாலியல்ங்கத பால்ணு நல்லா நீட்டிட்டு, இயல்ங்கத எச்சியோட முழுங்கிட்டான். ரப்பர் தோட்டம் முழுக்க கேக்குது, பால்… ஆதரவு மையத்தைக் காப்போம்.

ஞாயிற்றுக்கெழம நாப்பது பேரு வந்தாவ. பாதிப் பேரு கையில பால் சொசைட்டி அட்ட. ஒரு அண்ணாச்சி அளவு பாத்திரத்தோட வந்திரிக்காரு. ஏன் மூடுதாவ, கொழுப்பு கொறஞ்சிட்டா, வெலய கூட்டுவாவளாண்ணு கேள்வி. எனக்கு சிரிப்ப அடக்க முடியல்ல, ஷிபாவுக்கு அழுகைய அடக்க முடியல்ல. அப்பம் சத்தியபாய் டீச்சர்ணு ஒருத்தரு எந்திரிச்சாவ, ரிட்டயர்டு டீச்சரு, அவிய வீட்டு முத்தத்துலதான் கூட்டம். பாலு இல்ல, பாலியலு. வந்தது வந்திட்டிய, இருந்து கேளுங்கண்ணாவ. பொறவு, கணக்குப் பாடம் சொல்லுத மாதிரி, ஒளிவு மறைவு இல்லாம எல்லாத்தையும் சொன்னாவ. வீட்டுக்குள்ள நடக்கது, ரப்பர் தோட்டத்துல நடக்கது, பள்ளிக்கொடத்துக்குப் போற வழியில நடக்கது. நாப்பது பேருல ஒருத்தரும் எந்திரிச்சிப் போவல்ல. அந்தப் பால் அண்ணாச்சி பாத்திரத்த மடியில வச்சிக்கிட்டுத் தலையக் குனிஞ்சி இருந்தாரு. முடிஞ்சப்பம், ரூம மூடப்படாதுண்ணு எழுதின மனுவுல மொத கையெழுத்து அவருதான் போட்டாரு.

எங்க கோயில்லயும் சொல்லச் சொன்னேன். ததேயுஸ் சாமியாரு, நல்லவரு, ஆனா கூச்சம். பூச முடிஞ்சி அறிவிப்பு வாசிக்கும்பம், நம் சகோதரிகளுக்கு ஏற்படும் சில சங்கடங்கள்ணு சொல்லிட்டு, அடுத்த அறிவிப்புக்கு ஓடிட்டாரு. வெளிய வந்து பாத்தா பொம்பளைய அவரச் சுத்தி நிக்காவ. சாமி, எந்தச் சங்கடம்? முட்டு வலிக்கா? கேம்பு போடுதாவளா? அவருக்க காது செவந்து போச்சி. நான் கிட்டப் போயி, சாமி, அடுத்த வாரம் நீரு சொல்லல்லண்ணா நான் வாசிக்க ஏறுவேன்ணேன். அடுத்த வாரம் முழு வார்த்தையும் ரெண்டு தடவ வாசிச்சாரு. அண்ணைக்குக் கோயில்ல ஒரு கொழந்த கூட அழல்ல.

இப்பிடியா ரெண்டாயிரத்துக்கு மேல கையெழுத்து ஒப்பு வாங்கி வாரியத்துக்குக் கொண்டு போனோம். அதே அதிகாரி. வாசிச்சாரு. அம்மா, இது ஆதரவு. நான் கேட்டது தேவை. ஆதரவு ஊரு முழுக்க குடுக்கலாம், வந்தவிய எத்தன பேருண்ணுதான் கேள்விண்ணாரு.

திரும்பி வந்து ஷிபா இந்த பெஞ்சிலதான் இருந்தா, நீங்க இரிக்கப்பட்ட எடத்துல. நான் சொன்னேன், அப்ப வந்தவியளே போவோம். அவ பதறிட்டா. செசிலியம்மா, அவியள ஊரு பாத்திருமேண்ணா. வந்தவிய மட்டும் போனாத்தானே பாக்கும், வராதவியளும் நாங்களும் வந்தோம்ணு சொன்னா எவள எவன் பிரிச்சி எடுப்பான்ணு கேட்டேன். மனு ஒத்த வரிதான். நானும் இந்த ரூமுக்கு வந்தவதான், இத மூடாதிய. அவ்வளவுதான். என்னத்துக்கு வந்தா, எப்ப வந்தா, ஒண்ணும் கெடையாது.

ஷிபாவுக்கு அது பிடிச்சிற்று, ஆனா மனசாட்சி விடல்ல. அவ ஞாயிறு பள்ளியில பாடம் எடுக்குதவ. வராதவிய வந்தோம்ணு எழுதினா பொய்யில்லியாண்ணு கேக்கா. அட, அப்பிடியா, அப்ப எல்லாரும் வரட்டும்ணேன்.

மூணு வாரம் அக்கா, இந்த வராந்தாவ நீங்க கண்டிருக்கணும். சந்தை முடிஞ்சா டெம்போ பிடிச்சி இருவது முப்பது பேரா கூட்டிட்டு வருவேன். இந்த பெஞ்சில அஞ்சஞ்சு பேரா இருத்துவேன், ஆளுக்கு ஒரு கட்டஞ்சாயா, குடிச்சி முடிச்சா எந்திரி, வந்தாச்சி, போடு ஒப்பு. ஒருத்தி, செசிலி, நான் ரெண்டு தடவ வந்தேன், ரெண்டு மனு போடட்டாண்ணு கேட்டா. ஒரு மாமியாரு வந்து ஒப்பு போட்டுட்டு, மருமவளப் பாத்து, போடு, நான் போட்டாச்சில்லா, இனி ஒன்ன ஆரு என்ன சொல்லுவாண்ணா. கல்யாணமாவாத்த பிள்ளைகள வச்சிருந்த தாய்மாருதான் பயந்தாவ. நாளைக்கு மாப்பிள வீட்டுக்காரன் கேட்டா என்ன சொல்லண்ணு. ஊரு முழுக்க வந்தவளாப் போனா வராத பொண்ணுக்கு எங்க போவான், கடலு தாண்டியா போவான்ணேன். அதுக்குப் பொறவு அவியளும் வந்தாவ. சூசை ஆட்டோவ நிறுத்திட்டு வந்து, நான் ஆம்பளைலா, வந்தவந்தான்ணு மாத்தி எழுதட்டாண்ணு கேட்டான். எழுதுலேண்ணேன். எல்லாரும் சிரிச்சாவ. அவன் சிரிக்கல்ல, பைய எழுத்துக்கூட்டி எழுதி ஒப்பு போட்டான். இந்த பெஞ்சிக்கு ஒரு காலு ஆட்டம் வந்தது அப்பதான்.

ஆனா ஒண்ணு நாங்க நெனைக்கல்ல. சும்மா இருந்து சாயா குடிச்சிட்டுப் போவ வந்தவியள்ள பதினோரு பேரு, அந்தக் கதவயே பாத்துக்கிட்டு இருந்துட்டு, செசிலி, நான் ஒரு நிமிசம் உள்ள போயிட்டு வரட்டாண்ணு கேட்டாவ. ஒரு நிமிசம்ணு போனவிய ஒரு மணிக்கூறு கழிஞ்சி வந்தாவ. ஒருத்திக்கு எழுவது வயசு இருக்கும். ஆருண்ணு கேக்காதிய, நான் சொல்ல மாட்டேன். எனக்கு ஓர்மையும் இல்ல, மறந்தாச்சி.

பொறவு ஒரு திங்கக்கெழம, கலெக்டராபீசுல மனு வாங்குத நாளு. நானூத்திப் பன்னிரண்டு பேரு. சந்தையில இருந்து நேரே வந்தவிய மீன் சருவத்தோட வந்துட்டாவ. கேட்டுல போலீசுக்காரரு, மீன் உள்ள போவப்படாதுங்காரு. சரி, மீன் நிக்கட்டும், நாங்க போறோம்ணு சுவரு ஓரமா வரிசையா எறக்கி வச்சோம். எறக்கி வச்சதும் எங்கேருந்துதான் வந்துதோ, நாகர்கோயில்ல உள்ள காக்கா பூராவும் வந்தாச்சி. அந்த மனுசன் கம்பால வெரட்டி வெரட்டிக் காவலு நிண்ணாரு. தொப்பியில காக்கா எச்சம். ஒரு சாள கொறையல்ல, அவருக்கு நல்லது வரட்டும்.

உள்ள கலெக்டரு ஒரு மனுவ வாசிச்சாரு. அடுத்தத வாசிச்சாரு. நடுவுல இருந்து ஒண்ண உருவினாரு. எல்லாம் ஒரே வரி. பக்கத்துல நம்ம அதிகாரி நிக்காரு. சார், இது சொல்லிக் குடுத்து எழுதினது, இதுல நெசமாட்டு பாதிக்கப்பட்டவிய பத்து பேரு இருந்தாலே கூடுதல்ணாரு. ஷிபாவுக்குப் பொய் சொல்லவும் தெரியாது, உள்ளது சொல்லவும் முடியாது. நான்தான் முன்னால போனேன். சந்தையில வெல பேசிப் பழகின வாயில்லா. சரி சார், அந்தப் பத்து பேரு ஆருண்ணு நீங்களே பாத்துச் சொல்லுங்க, மிச்சவிய நாங்க வீட்டுக்குப் போயிருதோம்ணேன்.

அவரு திரும்பிப் பாத்தாரு. மொத வரிசையப் பாத்தாரு, ரெண்டாவது வரிசையப் பாத்தாரு. அவ்வளவு பேரும் அவரத் திருப்பிப் பாத்தாவ. ஒருத்தியும் கண்ணத் தாழ்த்தல்ல. அவரு எங்கயோ ஒரு எடத்துல நிறுத்திட்டாரு, ஆரப் பாத்தாரோ, பொறவு தலையக் குனிஞ்சி ஃபைலப் புரட்டினாரு. கலெக்டரு பேனாவ மூடி வச்சிட்டு, போர்டு வேண்டாம், ஃபோட்டோவும் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் எழுதி அனுப்புங்கண்ணாரு. மூணு வாரத்துல லெட்டர் வந்துது. ரூமு இன்னும் மூணு வருசத்துக்கு நடக்கும். லெட்டரோட சேத்து வச்ச அறிக்க அந்த அதிகாரியே எழுதினதாக்கும், தேவை உண்டுண்ணு. அதுக்குப் பொறவு ஒரு தடவ வந்தாரு, ஸ்கேன் பக்கம் போவாம நேரே வந்தாரு. இந்த பெஞ்சிலதான் இருந்தாரு. சாயா வேண்டாம்ணுட்டாரு.

என்ன கேட்டிய? இங்க சொன்னா போலீசு வருமாண்ணா? ஷிபா ஆரையும் நிர்பந்திக்க மாட்டா அக்கா. பாதிக்கப்பட்ட பிள்ள என்ன சொல்லுதோ, அதுதான். போவணும்ணு சொன்னா ஸ்டேஷனுக்கு ஷிபாவே கூட வருவா, வக்கீலு பாத்துக் குடுப்பா. ஆமா, வீட்டுக்கு வந்து ஆளப் பிடிச்சிட்டுப் போவத்தான் செய்வாவ, புகார் குடுத்தா.

அக்கா, நீங்க இத ரெண்டாவது தடவ கேட்டாச்சி. சாயாவும் ஆறிப் போச்சி.

இந்த பெஞ்சில எத்தனயோ தாய்மாரு இருந்து நான் கண்டிரிக்கேன். பிள்ளையக் கூட்டிட்டு வாற தாய், போலீசு எப்ப வரும், ஏன் இன்னும் வரல்லண்ணு கேப்பா. போலீசு வருமாண்ணு கேக்குதவ வேற தாயி.

எந்திரிக்காதிய. இரிங்க. நான் ஒங்கள ஒண்ணும் கேக்கல்ல. கையப் பிடிச்சிக்கிடட்டா? சரி, வேண்டாம்.

எனக்கும் ஒரு மவன் உண்டு. ஜெனோ. பாளையங்கோட்டையில இரிக்கான், ஜெயில்ல. ஏழு வருசம் போட்டிரிக்காவ, ரெண்டு கழிஞ்சிற்று. அவனுக்க பேரச் சொல்லலாம், அந்தப் பிள்ளைக்க பேர நான் சொல்ல மாட்டேன். எங்க தெருப் பிள்ளதான். எனக்க அடுக்கள வாசல்ல வந்து நிண்ணுது, பகலு பன்னிரண்டு மணி. ரெண்டே வார்த்த சொல்லிச்சி. நான் என்ன செய்தேன் தெரியுமா? வெள்ளம் குடுத்தேன். முடிய ஒதுக்கி விட்டேன். ஆருகிட்டயும் சொல்லாத மக்ளே, வீட்டுக்குப் போண்ணு சொல்லி அனுப்பிட்டுக் கதவச் சாத்தினேன். கொஞ்ச நேரத்துல அவன் சோறு தின்ன வந்தான். வெளம்பினேன். மீனு இன்னொரு துண்டு வையிம்மாண்ணான். வச்சேன். அந்த இன்னொரு துண்டுதான் அக்கா எனக்கு இண்ணைக்கும் தொண்டையில இரிக்கு.

மூணாம் நாளு அந்தப் பிள்ளைக்க வீட்டுக்குப் போனேன். தாய்க்காரி, பெருக்குத வாரியலால அடிச்சா. அடிக்கட்டும்ணு நிண்ணேன். அடிச்சித் தளந்த பொறவு மூணு பேருமா பஸ்ஸு ஏறி இங்க வந்தோம். கோர்ட்டுலயும் போயி, பிள்ள எனக்க வாசல்ல எந்தக் கோலத்துல நிண்ணுதோ, அத நானே சொன்னேன். அந்தப் பிள்ள இப்ப தூரத்துல நர்சு படிக்கு. லீவுக்கு வந்தா என்னக் கண்டாலும் பேசாது. பேசாண்டாம். நடந்து போறதப் பாப்பேன், அது போதும். ஜெனோவ மாசம் ஒருக்கா போயிப் பாப்பேன். பெத்தவ இல்லண்ணு ஆயிருமா. மொத ஆறு மாசம் மொகம் காட்ட மாட்டேன்ணான். இப்ப வந்து நிக்கான், ஆனா ஒண்ணும் பேச மாட்டான். நானும் நிண்ணுட்டு வருவேன்.

ஊருல கேப்பாவ, ஒனக்க மவனப் பிடிச்சிக் குடுத்த ரூமுக்கு நீயே ஏன்டி இப்பிடி ஓடுதண்ணு. சில பேருகிட்ட சண்ட போடுவேன், சில பேருகிட்ட சிரிச்சிட்டு வந்திருவேன். இந்த ரூமு இல்லண்ணா நான் கதவச் சாத்தின மேனிக்கே இருந்திருப்பேன், வேற என்ன சொல்ல.

உள்ள நாக்காலி இழுக்குத சத்தம் கேக்குது பாத்தியளா. எந்திரிச்சாச்சி. இப்ப அந்தப் பிள்ள வெளிய வரும், நாம ரெண்டு பேரும் அந்தப் பக்கம் ஜன்னலப் பாப்போம், அது போவட்டும்.

போயாச்சி. போங்க அக்கா. செருப்பு கழத்தாண்டாம், அப்பிடியே போங்க. ஷிபா ஒண்ணும் கேக்க மாட்டா, நீங்கதான் தொடங்கணும். மொதல்ல அந்தப் பிள்ளைக்க பேரச் சொல்லுங்க. ஒங்க மவனுக்க பேரு பொறவு.